கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

கடைவீதியிற் கணக்கெழுதுவோன் ஒருவனிடஞ் சென்று, உன் பேரேட்டில் முதற்பத்தி எதற்கு, இரண்டாம்பத்தி எதற்கு என்று வினவினால், அவன் சற்றே வியப்புடன் நம்மை நோக்கி, இது தேதி, இது பெயர், இது பற்று, இது வரவு என விரலாற் சுட்டிக் காட்டுவான். அவனுக்கு அது சொல்லித் தெரியவேண்டிய செய்தியன்று. ஆனால் அவ்வெளிய செய்தியை மாந்தர் பேசும் சொற்களிலேயே ஒரு பொறிக்கும் எடுத்துரைத்தல் கூடும் என்று துணிந்து, அறிஞர் பலர் நகைத்தும் அத்துணிவைக் கைவிடாது நின்று சாதித்தவர் அமெரிக்க நாட்டுக் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் ஆவர். கோபால் என்னும் கணிப்பொறி மொழியின் பெயர் தமிழெழுத்தில் எழுதுங்கால் நம் அண்டைவீட்டுக் கோபாலனை நினைப்பூட்டுமாயினும், வணிகத்திற்குப் பொதுவாய் அமைந்த மொழி என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அது. அம்மொழிக்கு வழிவகுத்த இவ்வம்மையாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக எழுத முற்பட்டோம்.

இவர் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் நியூயார்க் மாநகரில் மர்ரே என்னும் குடும்பத்தின் தலைமகவாகப் பிறந்தார். தந்தையார் வால்ட்டர் மர்ரே என்பவர் காப்புறுதித் தொழில் செய்தவர். தாயார் மேரி என்பவர் கணிதத்தில் இயல்பான நாட்டமுடையவராயிருந்தும், அக்காலத்துப் பெண்மக்களுக்கு அது தகாதெனக் கருதப்பட்டமையால், வடிவக்கணிதம் ஒன்றையே பயில விடப்பட்டார். தாய்வழிப் பாட்டனார் நகரத்து நில அளவையாளர். அவர் அளவுகோலுடன் தெருவிற் செல்லுங்கால் பேர்த்தியும் உடன் செல்வதுண்டு. ஏழாம் வயதில், மணியடித்து எழுப்பும் கடிகாரத்தின் உள்ளே இருப்பது யாதெனக் காண வேண்டி, வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் போட்டார் என்பர். தாயார் சினந்துகொள்ளாது, இனி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆராய்க என்று விடுத்தனராம். தந்தையார் நோயினாற் கால்களிரண்டையும் இழந்தவர். தமக்குப் பின் மக்கள் பிறர் கையை எதிர்பாராது வாழவேண்டும் என்றெண்ணி, மகனுக்கு அளித்த கல்வியை மகளிருக்கும் குறைவின்றி அளித்தார்.

பதினாறாம் வயதில் வாஸர் கலாசாலைக்கு மனுச் செய்தபோது இலத்தீன் தேர்வில் தவறினார். இன்று கணிப்பொறி மொழிகளின் அன்னையெனப் போற்றப்படுபவர் முதன்முதல் தோல்வியுற்றது ஒரு மொழித் தேர்வில் என்பதை நினைக்க எமக்குச் சிறு நகை தோன்றுகின்றது. மறு ஆண்டு இடம் பெற்று, 1928இல் கணிதத்திலும் பௌதிகத்திலும் பட்டம் பெற்றார். 1930இல் யேல் சர்வகலாசாலையில் எம்.ஏ. பட்டமும், 1934இல் அங்கேயே கணிதத்தில் டாக்டர் பட்டமும் எய்தினார். 1930இல் ஆங்கில இலக்கிய ஆசிரியரான வின்ஸென்ட் ஹாப்பர் என்பவரை மணந்தார். அம்மணம் 1945இல் முறிந்தது. பெயர் மட்டும் கடைசிவரை நிலைத்தது. 1931 முதல் வாஸர் கலாசாலையிற் கணித ஆசிரியையாக அமர்ந்து, 1941இல் இணைப் பேராசிரியர் பதவிக்கு உயர்ந்தார்.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டிராவிடின், இவர் அக்கலாசாலையிலேயே முதுமையெய்தி, பழைய மாணவியர் சிலரால் மட்டும் நினைக்கப்பட்டிருப்பார் என்றே கருதுகின்றோம். கப்பற்படையிற் சேர இவர் விரும்பியபோது, வயது மிகுதியென்றனர், உடலெடை குறைவென்றனர், கணித ஆசிரியர் நாட்டுக்கு இன்றியமையாதவராதலின் விடுதல் இயலாதென்றனர். கொள்ளுப்பாட்டனார் கப்பற்படைத் தலைவருள் ஒருவராயிருந்த குடும்பத்திற் பிறந்த இவர் எதனையும் பொருட்படுத்தாது மீண்டும் மீண்டும் முயன்று, 1943 டிசம்பரில் சேமப்படையிற் சேர்ந்தார். பயிற்சிப்பள்ளியில் முதலிடம் பெற்று, 1944 ஜூனில் லெப்டினன்ட் பதவியடைந்து, ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஹோவர்டு எய்கன் என்னும் அறிஞர் தலைமையில் இயங்கிய கணிப்புக்கூடத்திற்கு அனுப்பப்பட்டார்.

அங்கே நின்றது மார்க்-1 என்னும் மாபெரும் பொறி. நீளம் 51 அடி. உயரம் 8 அடி. எடை 5 டன். ஒவ்வொன்றும் 23 இலக்கங்கள் கொள்ளும் 72 எண்ணிகள் அதனுள் சுழன்றன. துளையிட்ட காகித நாடா ஒன்றின் வழியே அதற்குக் கட்டளைகள் ஊட்டப்பட்டன. பீரங்கிக்குரிய அட்டவணைகளும் வேறு போர்க் கணக்குகளும் இரவு பகலாக அதனாற் செய்யப்பட்டன. அப்பொறிக்கென 1946இல் வெளிவந்த ஐந்நூற்றறுபது பக்கத்திற்கு மேற்பட்ட கையேட்டைப் பெரும்பாலும் எழுதியவர் ஹாப்பர் அம்மையாரே.

அக்கூடத்தில் வேலை செய்தோர், ஒருமுறை சரிவர அமைந்த கட்டளைத் தொடரைத் தத்தம் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டு, மீண்டும் வேண்டும்போது ஒருவரேட்டிலிருந்து மற்றொருவர் பார்த்தெழுதுவது வழக்கம். பார்த்தெழுதுதலிற் பிழை புகுதல் ஏடெழுதுவோர் காலந்தொட்டு நாம் அறிந்ததே. ஓரிலக்கம் பிறழ்ந்தால் கணக்கு முழுவதும் பிறழும். பார்த்தெழுதும் வேலையில் மனிதன் வல்லவனல்லன், பொறியே வல்லது என்னும் எண்ணம் இவருள்ளத்தில் அப்போதே வேரூன்றிற்று. 1947 செப்டம்பர் 9ஆம் நாள் மார்க்-2 பொறியில் விட்டிற்பூச்சி ஒன்று சிக்கி வேலை நின்றதும், அதனை எடுத்து நாட்குறிப்பில் ஒட்டியதும் யாவரும் கேட்ட கதை. பூச்சியைக் கண்டெடுத்தவர் இவரல்லர்; பொறிக்கோளாற்றைப் பூச்சியென்னும் வழக்கும் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தது. கதையைச் சுவைபடப் பலவிடங்களிற் சொன்னவர் இவர். அதனால் அது இவர் பெயரில் நின்றது.

யுத்தம் முடிந்தது. கப்பற்படையின் நிரந்தரப் பதவி வயது காரணமாக மறுக்கப்பட்டது. சேமப்படையில் மட்டும் தங்கி, ஹார்வர்டில் 1949 வரை ஆராய்ச்சி செய்தார். மணமுறிவும், ஓய்வற்ற உழைப்பும், நிலையற்ற உத்தியோகமும் சேர்ந்து அவ்வாண்டுகளில் இவரை மதுப்பழக்கத்தில் ஆழ்த்தின. இச்செய்தியைச் சொல்லாது விடுதல் சரித்திரம் எழுதுவோர்க்கு எளிது. ஆயினும் மறைத்தல் முறையன்றென எண்ணுகின்றோம். நண்பர் சிலர் இடித்துரைத்தனர். மெல்ல மெல்ல அவ்விருளினின்று மீண்ட இவர், அதற்குப் பின்னரே தம் வாழ்நாளின் தலைசிறந்த பணிகளைச் செய்தார்.

1949இல் பிலடெல்பியா நகரில் எக்கர்ட், மாக்லி என்னும் இருவர் நடத்திய கணிப்பொறிக் குழுமத்திற் சேர்ந்தார். யூனிவாக் என்னும் பொறி அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. அதன் நினைவகம் ஆயிரஞ் சொற்களே. சொல்லொன்றுக்குப் பன்னிரண்டு எழுத்து. ஆக, முழுவதும் பன்னீராயிரம் எழுத்துக்களே கொள்ளும். அக்குழுமத்தில் பெட்டி ஹோல்பர்ட்டன் என்னும் மற்றோர் அம்மையார் இருந்தார். அவர் 1951இல் இயற்றிய கருவி நம் பொருளுக்கு மிக இன்றியமையாததாதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம்.

பேரேடுகளைப் பெயர்வரிசையிலோ எண்வரிசையிலோ அடுக்குதல் எக்கணக்கிலும் வரும் வேலை. ஆயின், ஒருவர் ஏட்டில் எண் முதலில் நிற்கும். மற்றொருவர் ஏட்டில் பெயர் முதலில் நிற்கும். ஒன்றன் நீளம் பெரிது, பிறிதொன்றன் நீளம் சிறிது. ஒவ்வொன்றுக்கும் புதிதாக நிரல் எழுதுதல் வீண் உழைப்பு. ஹோல்பர்ட்டன் அம்மையார் என்செய்தாரெனின், ஏட்டின் நீளம் இத்தனை, வரிசைப்படுத்துதற்குரிய உறுப்பு இவ்விடத்தில் இத்தனை எழுத்தளவில் நிற்கின்றது என்னும் விவரங்களை மட்டும் பொறிக்குக் கொடுத்தால், அவ்வேட்டுக்குரிய நிரலைப் பொறியே இயற்றித் தருமாறு செய்தார். நிரலை ஆக்கும் நிரல் இது. தரவின் உறுப்புக்களை ஐயந்திரிபற வரையறுத்துவிட்டால், செய்தொழிலிற் பெரும்பகுதி தானே பிறக்கும் என்னும் உண்மை இதனாற் புலப்பட்டது. தமக்கு வழிகாட்டியது இக்கருவியே என்று ஹாப்பர் அம்மையார் பிற்காலத்தில் மறவாது போற்றி வந்தார்.

1952இல் ஏ-0 என்னும் தொகுப்பியை இவர் இயற்றினார். முன் எழுதி வைத்த கட்டளைத் தொடர்களுக்கு எண்ணிட்டு நாடாவிற் பதிந்து, வேண்டியவற்றின் எண்ணை மட்டும் மனிதன் சொல்ல, பொறி அவற்றைத் தானே எடுத்துக் கோத்துக்கொள்ளும். பார்த்தெழுதும் பிழை ஒழிந்தது. கணிப்பொறி கணக்கிடுமேயன்றி நிரல் எழுதாது என்று கூறி நெடுநாள் பலர் அதனைக் கையால் தொடவும் மறுத்தனர் என்பது வியப்பாயினும் உண்மை.

இதன்பின் இவர் நோக்கம் வணிகரிடஞ் சென்றது. விஞ்ஞானியர் குறியீடுகளை விரும்புவர். ஒரு கணியத்தை எக்ஸ் என்று குறித்தால் அவர்களுக்கு அதுவே போதும். சம்பளப் பட்டியல் எழுதுவோனுக்கோ பண்டகசாலைக் காவலனுக்கோ எக்ஸ் என்பதனாற் பயன் யாது? நம் நன்னூலார் வகுத்த வழியிற் சொல்வோமாயின், கணித நூலார் இடுகுறிப் பெயரால் நிறைவெய்துவர். கணக்கர் காரணப் பெயரையே வேண்டுவர். சம்பளம் என்பதனைச் சம்பளம் என்றும், கையிருப்பு என்பதனைக் கையிருப்பு என்றுமே நிரலில் எழுதலாம் என்று இவர் கூறியபோது, பொறிக்கு ஆங்கிலந் தெரியாதென மேலதிகாரிகள் மறுத்தனர். அவர்களைத் தெருட்டவேண்டிச் சிறு மாதிரி ஒன்றைச் செய்து காட்டி, அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களாலும் ஜெர்மன் சொற்களாலும் இயக்கிக் காட்டினார். சொல் எம்மொழியினதாயினும் பொறிக்கு அது வெறும் அடையாளமே என்று விளக்குவது இவர் கருத்து. பிலடெல்பியாவில் செய்த பொறி பிரெஞ்சு பேசுவதா என்று அதிகாரிகள் திகைத்து, ஆங்கிலம் ஒன்றே போதும் என்று வாக்குறுதி பெற்றுக்கொண்டனர்! மறுத்த ஆங்கிலத்தையே அவர்கள் இவ்வாறு தாமே வேண்டும்படி நேர்ந்தது.

அம்முயற்சியின் பயனாக எழுந்த மொழி புளோ-மாட்டிக் எனப்படும். 1958இல் பலர் கைக்கும் கிட்டிற்று. ஆங்கிலச் சொற்களைப் பெய்ததே அதன் சிறப்பென்று பலர் கூறுவர். எமக்கோ மற்றொன்றே பெருஞ்சிறப்பாகத் தோன்றுகின்றது. செய்தொழில் வேறு, செய்யப்படுபொருள் வேறு என்று பிரித்து, ஏடு இன்னது, அதன் உறுப்பு இன்னது, உறுப்பின் அளவும் இடமும் இவை என்று பொருளிலக்கணத்தைத் தனியே முன்னரே எழுதிவைக்கும்படி அம்மொழி விதித்தது. ஒருமுறை வரையறுத்த ஏட்டைப் பல நிரல்கள் எடுத்தாளலாம். ஏட்டில் மாற்றம் நேர்ந்தால் வரையறை நின்ற ஓரிடத்தில் திருத்தினால் அமையும். ஆதாம் உயிர்களுக்குப் பெயரிட்டான் என்னும் வேதக் கதை இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது.

இதற்குள் நாட்டில் கணிப்பொறிகள் பல்கின. ஒரு குழுமத்தின் பொறிக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. புதுப்பொறி வாங்கியவர் பழைய நிரலையெல்லாம் குப்பையிலெறிந்து மீண்டும் எழுதவேண்டியதாயிற்று. பர்ரோஸ் குழுமத்தைச் சார்ந்த மேரி ஹாஸ் அம்மையார் தூண்டியதன் பேரில் 1959 ஏப்ரலில் ஒரு சிறு கூட்டமும், மே 28, 29ஆம் நாட்களில் பாதுகாப்பு இலாகாவின் பென்டகன் மாளிகையில் பெருங்கூட்டமும் கூடின. பொதுமொழி ஒன்று வேண்டுமெனத் துணிந்து குழுக்கள் அமைக்கப்பட்டன. ஹாப்பர் அம்மையார் அதன் செயற்குழுவிற்கு ஆலோசகராக அமர்ந்தார்.

கோபாலை இவரே தனித்திருந்து இயற்றினார் என்று எழுதுவோர் உளர், அது பொருந்தாது. அதன் இலக்கணத்தை எழுதி முடித்தவர் ஜீன் ஸாமெட், கெர்ட்ரூட் டியர்னி முதலிய அறுவர். இவருடைய புளோ-மாட்டிக் அவர்கள் முன் இருந்து இயங்கிக்கொண்டிருந்த மொழி, ஐ.பி.எம். குழுமத்தின் காம்ட்ரான் என்பதோ ஏட்டளவில் நின்றது. இரண்டினின்றும் கொள்ளத்தக்கன கொண்டனர். ஈன்ற தாய் என்பதினும் பாட்டியார் என்பதே இவர்க்குத் தகும் என்று பிற்காலத்தோர் சிலர் திருத்தியது நேர்மையே. குழுவின் தாமதங்கண்டு மனம் வெறுத்த ஹோவர்டு பிராம்பெர்க் என்பவர், கோபால் என்று பெயர் பொறித்த கல்லறைக்கல் ஒன்றை விலைக்கு வாங்கித் தலைவரான சார்லஸ் பிலிப்ஸுக்கு அனுப்பிவைத்தார். புதைக்கப்படுமென எதிர்பார்த்த அம்மொழி 1960 டிசம்பரில் ஆர்.சி.ஏ. பொறியிலும் யூனிவாக்-2 பொறியிலும் ஏறக்குறைய ஒரே நிரலாய் ஓடிக் காட்டிற்று.

அம்மொழியில் எழுதும் நிரல் நான்கு பிரிவுடையது: நிரலின் பெயர் கூறுவது, பொறியின் சூழல் கூறுவது, தரவு கூறுவது, செய்முறை கூறுவது. மூன்றாவதாகிய தரவுப் பிரிவே இதன் உயிர்நிலை. பணியாளர் ஏடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 01 என்னும் நிலையெண் இட்டு ஏட்டின் பெயரை எழுதுவர். அதன் கீழ் 02 என்னும் நிலையெண்ணோடு பணியாளர் எண், பெயர், பிறந்த தேதி, சம்பளம் என உறுப்புக்களை நிறுத்துவர். தேதியை நாள், மாதம், ஆண்டு எனப் பகுக்க வேண்டின் 03 இடுவர். இவ்வாறு 49 வரை இறங்கலாம். மேலும் பகுக்கப்படாத உறுப்பே தனியுறுப்பு. அதன் உருவைக் காட்டப் படம் என்று பொருள்படும் பிக்சர் என்னும் சொல்லை வழங்குவர். அது காம்ட்ரானிலிருந்து வந்தது. ஒன்பது என்னும் இலக்கம் ஓரிலக்கம் நிற்கும் இடத்தையும், எக்ஸ் என்னும் எழுத்து எவ்வெழுத்தும் நிற்கும் இடத்தையும் குறிக்கும். ஒன்பதை ஐந்து முறை எழுதி, வி என்னும் எழுத்தை இட்டு, மீண்டும் இரண்டு ஒன்பதுகளை எழுதினால், 99,999.99 வரை கொள்ளும் தொகைக்கு இடமாயிற்று. வி என்பது புள்ளி நிற்குமிடத்தை உணர்த்துமேயன்றித் தான் இடங்கொள்ளாது. பெயருக்கு முப்பது எழுத்துக்கள் வரை இசைவிருந்தது. அக்காலத்துப் போர்ட்ரான் மொழியிலோ ஆறே எழுத்து. பிற்காலத்தில் கோபால் நிரல்களைத் தாமே ஆக்கித்தரும் கருவிகள் பல எழுந்தபோதும், அவை முதன்முதல் கேட்டது இவ்வுறுப்புக்களின் பெயரும், நிலையும், அளவும், வகையுமே.

இங்கே ஒரு துன்பக் கதையும் உண்டு. துளையட்டையில் எண்பது பத்திகளே. பணியாளர் எண்ணுக்கு 5, பெயருக்கு 25, தேதிக்கு 6, சம்பளத்திற்கு 7 என்றால் 43 கழிந்தன. ஆண்டினை நான்கிலக்கமாய் எழுதினால் 45. பதினாயிரம் பணியாளர்க்கு இவ்விரண்டிலக்கம் இருபதினாயிரம் எழுத்தாகும். முதல் யூனிவாக்கின் நினைவகம் முழுவதினும் அது மிகுதி. ஆகவே நூற்றாண்டை விட்டு, ஆண்டுக்கு இரண்டு ஒன்பதுகளே போதுமெனப் பலரும் வரையறுத்தனர். காம்ட்ரானை வகுத்த பாப் பெமர் 1971இலேயே இதன் கேட்டை எடுத்தெழுதினார், கேட்டவர் சிலரே. 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது, 00 என்பது 1900ஐக் குறிக்குமோ என்னும் அச்சத்தால் உலகெங்கும் வங்கிகளும் இலாகாக்களும் பெரும்பொருள் செலவிட்டுப் பழைய நிரல்களைத் திருத்தின. நம் நாட்டு இளைஞர் ஆயிரக்கணக்கானோர் அத்திருத்த வேலையிற் சேர்ந்தே கணிப்பொறித் தொழிலுள் நுழைந்தனர்.

டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் 1975இல் இம்மொழியை மிகக் கடுமையாக இகழ்ந்தார். சொற்பெருக்கம் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் எழுதியவன் மாண்டபின்னும் பிறனொருவன் எடுத்து வாசித்து, இவ்வுறுப்பு இதற்குரியது என்று அறியக்கூடிய நிரல் எதுவோ அதுவே கணக்கர்க்கு உதவும் என்பது எம் துணிபு.

1966இன் இறுதியில் கப்பற்படை இவருக்கு ஓய்வளித்தது. ஏறக்குறைய ஏழு திங்களே கழிந்தன. படையின் கோபால் நிரல்கள் ஒன்றோடொன்று இணங்காமையால், 1967 ஆகஸ்டில் ஆறு மாதத்திற்கென மீண்டும் அழைக்கப்பட்டார். அவ்வாறு மாதம் ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகளாக நீண்டது. ஒவ்வொரு குழுமமும் விற்கும் தொகுப்பி பொதுவிதிக்கு இணங்குகின்றதா என்று சோதிக்கும் நிரல்களை இயற்றச் செய்து, விலகியவற்றைச் சுட்டிக் காட்டினார். சொற்பொழிவுக்குச் சென்றவிடமெங்கும் ஓரடிக்குச் சற்றுக் குறைந்த கம்பித் துண்டுகளைப் பையில் நிறைத்துச் சென்று, ஒளி ஒரு நானோ விநாடியிற் செல்லும் தூரம் இதுவே என்று கேட்போர்க்கு வழங்குவார். அவர் அறைச்சுவரில் மாட்டிய கடிகாரம் இடப்புறமாகச் சுழலும். எப்போதும் இப்படியே செய்தோம் என்போர்க்கு அதுவே விடை. 1983இல் கமோடோர் பதவியும், அப்பதவிப் பெயர் 1985இல் மாற்றப்பட்டபோது ரியர் அட்மிரல் பட்டமும் எய்தினார். 1986 ஆகஸ்ட் 14ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிடியூஷன் என்னும் பழம் போர்க்கப்பலின் மேல்தளத்தில், எழுபத்தொன்பதாம் வயதில் விடைபெற்றார். அதன்பின்னும் வாளாவிராது டிஜிட்டல் குழுமத்தில் ஆலோசகராக அமர்ந்தார்.

1992 ஜனவரி முதல்நாள் ஆர்லிங்டன் நகரில் எண்பத்தைந்தாம் வயதில் உயிர்நீத்தார். படைமரியாதையுடன் ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் அடக்கஞ்செய்யப்பட்டார். 1997இல் ஹாப்பர் என்னும் பெயருடன் போர்க்கப்பல் ஒன்று படையிற் சேர்ந்தது. 2017இல் யேல் சர்வகலாசாலை, அடிமைமுறையை ஆதரித்த கல்ஹூன் என்பவரின் பெயரால் நின்ற தன் கல்லூரி ஒன்றுக்கு இவர் பெயரைச் சூட்டியது.